இரவை யார் பார்த்தார்கள்?

33 ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னே தம்மை மறந்து அமர்ந்திருப்பதைக் கண்டால், எழுந்து சென்று அதை நிறுத்திவிடுவதே என் வழக்கம். அவ்வழக்கத்தை ஒரு மட்டக்குதிரைக் கதை மாற்றிற்று என்றால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னர் நகைப்பதானால் நகையுங்கள்.

2013-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் என் மகள் வீட்டில் இருந்தேன். மகளும் மருமகனும் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். வெளியே எங்கு நோக்கினும் பனி. எட்டு வயதுப் பேத்தி பள்ளியிலிருந்து திரும்பும்வரை அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. திரும்பியதும் அவள் ஒரு குறுந்தகட்டைப் போட்டுவிட்டு, "அம்மாச்சி, என்கூட உட்கார்ந்து பாருங்கள். புரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன்" என்றாள். ஆசிரியைக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அமர்ந்தேன்.

தொடரின் பெயர் 'மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்'. நட்பே மாயம் என்பது அதன் கருத்து. சீசன் என்று இளையோர் கூறும் முதற்பருவம், 2010 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கி, 2011 மே 6 அன்று நிறைவுற்றது. மொத்தம் 26 பகுதிகள். ஹாஸ்புரோ என்ற பொம்மை நிறுவனம் 1980-களில் விற்ற வண்ண வண்ணக் குதிரைப் பொம்மைகளே கதையின் மாந்தர். பொம்மை விற்கப் பிறந்த கதையில் என்ன இருக்கப்போகிறது என்று நான் முகம் சுளித்ததற்கு அதுவே காரணம். ஆனால் இத்தொடரை உருவாக்கிய லாரன் ஃபாஸ்ட் என்னும் பெண்மணி, சிறுமியாயிருந்தபோது அதே பொம்மைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தைத் தானே கற்பித்து விளையாடியவர் என்று பின்னர் அறிந்தேன். அவ்விளையாட்டை அவர் மறக்கவில்லை. வான்கூவர் நகரப் படக்கூடமொன்றில் தீட்டப்பட்ட அக்குதிரைகளுக்குள் உண்மையான மனிதக் குணங்கள் இருந்தன.

முதலிரு பகுதிகளும் சேர்ந்து ஒரே கதை. ஈக்குவெஸ்ட்ரியா என்ற நாட்டை அக்காளும் தங்கையுமாக இருவர் ஆண்டுவந்தனர். மூத்தவள் செலஸ்டியா கதிரவனை எழுப்புவாள். இளையவள் லூனா நிலவை எழுப்புவாள். குடிமக்கள் பகலெல்லாம் ஆடிப் பாடி மகிழ்ந்தனர். இளையவள் அழகுறச் சமைத்த இரவிலோ உறங்கிப்போயினர். மனம் கசந்த தங்கை ஒருநாள் நிலவை இறக்க மறுத்தாள். அக்கசப்பே அவளை நைட்மேர் மூன் என்னும் கொடியவளாக மாற்றியது. வேறு வழி காணாத அக்காள் அவளை நிலவுக்கே நாடு கடத்தினாள். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன.

அக்காளின் மாணவி ட்வைலைட் ஸ்பார்க்கிள் என்னும் ஒற்றைக்கொம்புக் குதிரை. அந்தி என்பது அப்பெயரின் பொருள். பகலுக்கும் இரவுக்கும் நடுவே நிற்பவள். நூல்களைத் தவிர வேறெதையும் நாடாத அவளை, போனிவில் என்ற சிற்றூருக்குச் சென்று நண்பர்களைத் தேடிக்கொள்ளுமாறு அரசி அனுப்புகிறாள். அவ்வேளையில் கொடியவள் திரும்பி வருகிறாள். அவளை வெல்லும் ஆற்றல்களைத் தேடிக் காட்டுக்குள் செல்லும் வழியில், அவ்வூர்க் குதிரைகள் ஐவரும் தத்தம் இயல்பைக் காட்டுகின்றனர். மலைவிளிம்பில் தொங்கும் ட்வைலைட்டிடம், பிடியை விட்டுவிடு, தீங்கு வராது என்று உண்மை சொல்கிறாள் ஆப்பிள்ஜாக். சீறிவரும் விலங்கின் காலில் தைத்த முள்ளைப் பிடுங்குகிறாள் ஃப்ளட்டர்ஷை. அச்சுறுத்தும் மரங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள் பிங்க்கி பை. பாதி மீசையை இழந்து அழும் ஆற்றுப் பாம்புக்குத் தன் அழகிய வாலை வெட்டிக் கொடுக்கிறாள் ராரிட்டி. புகழாசை காட்டி அழைத்தவர்களை மறுத்துத் தோழியரிடமே திரும்புகிறாள் ரெயின்போ டேஷ். நேர்மை, இரக்கம், நகைப்பு, ஈகை, பற்றுறுதி ஆகிய இவ்வைந்தோடு, இவர்கள் என் நண்பர்கள் என்று மாணவி உணர்ந்த கணத்தில் ஆறாவது ஆற்றலும் பிறக்கிறது. கொடியவள் மறைந்து, அவ்விடத்தில் சிறிய தங்கை ஒருத்தி கிடக்கிறாள்.

அப்போது அக்காள் வருகிறாள். தண்டிக்கப்போகிறாள் என்றே நான் எதிர்பார்த்தேன். அவளோ, வேற்றுமையை மறப்போம், என் நட்பை ஏற்பாயா என்று முதலில் கேட்கிறாள். அதன் பின்னரே தங்கை மன்னிப்புக் கேட்டு அழுகிறாள்.

பேத்தி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "எல்லாரும் ராத்திரியில் தூங்கிவிட்டார்கள் அல்லவா? அந்த அக்காவும் தூங்கிவிட்டாளா, அம்மாச்சி?" என்று கேட்டாள்.

"அது கதையில் இல்லையே" என்றேன். குழந்தை அதோடு விட்டுவிட்டாள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

எனக்கும் ஒரு தங்கை உண்டு. திண்டுக்கல்லை அடுத்த எங்கள் சிற்றூரில், திருமணம் செய்துகொள்ளாமல் அம்மாவுடனேயே தங்கிவிட்டவள். 1999-இல் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். 2003-இல் இறக்கும்வரை எழவில்லை. நான் வெளியூரில் ஆசிரியை. மாதந்தோறும் பணம் அனுப்பினேன்; சனிக்கிழமைகளில் பழங்களோடு வந்து சேர்ந்தேன். தாயைத் தாங்கும் மகள் என்று உற்றார் என்னைப் புகழ்ந்தார்கள். படுக்கைப் புண் வந்துவிடாதபடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் அதைச் செய்தவள் தங்கை. பேருந்துக் களைப்பென்று நான் முன்னறையில் உறங்கினேன். அவளுடைய இரவை நான் ஒருநாளும் விழித்திருந்து பார்த்ததில்லை.

அம்மா மறைந்த பிறகு வீட்டைப் பற்றிய பேச்சு வந்தது. வீடு தனக்கே இருக்கட்டும் என்றாள் தங்கை. சட்டப்படி பாதி எனக்குரியது; விற்றுப் பிரிப்போம் என்றேன் நான். சொல் வளர்ந்தது. "இத்தனை நாள் என் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதற்குக் கூலி வேறு வேண்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 2004-இல் சாத்திய கதவு ஒன்பது ஆண்டுகளாகத் திறக்கவில்லை. திருமண வீடுகளில் வெவ்வேறு வரிசையில் அமர்ந்தோம். வீடும் விற்கப்படவில்லை. இக்கதையைப் பிறரிடம் சொல்லும்போதெல்லாம் நான் பேசிய அந்தச் சொல்லை விட்டுவிட்டே சொல்லிவந்தேன்.

மறுநாள் முதல் நாளொரு பகுதியாகப் பேத்தியுடன் பார்த்தேன். அம்முதற்பருவத்தில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு வழக்கம். பெரும்பாலான பகுதிகளின் முடிவில், நட்பைப் பற்றித் தான் கற்றதை மாணவி அரசிக்குக் கடிதமாக எழுதுவாள். ஸ்பைக் என்னும் குட்டி டிராகன் தன் தீமூச்சால் அதை அனுப்பிவைக்கும். அறிவுரைக் கடிதங்களாக இருக்கும் என்றே எண்ணினேன். உற்றுப் பார்த்தால், பல கடிதங்களுக்குப் பின்னால் அவளோ தோழியரோ செய்த ஒரு பிழை இருந்தது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திய நான், என் பிழையை எழுதி ஒருவரிடமும் கொடுத்ததில்லை.

மூன்றாம் பகுதியில் அரண்மனைப் பெருவிருந்துக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் வருகின்றன. ஒன்று ட்வைலைட்டுக்கு, மற்றொன்றைத் தோழியர் ஐவரும் கேட்கிறார்கள். பூசல் முற்றவே, அவள் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுகிறாள். கதையாதலால் அரசி ஆறு சீட்டுகளாக அனுப்பிவிடுகிறாள். வாழ்க்கையில் இரண்டாம் வீடு அவ்வாறு வந்து சேராது. ஆயினும் தனக்குரியதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிய செயல் என் நெஞ்சில் தைத்தது. நான்காம் பகுதியில், அண்ணன் காயமுற்றதால் தோட்டத்து ஆப்பிள்கள் அனைத்தையும் தனியே இறக்க முனைகிறாள் ஆப்பிள்ஜாக். உதவி வேண்டாமென்று மறுத்து, உறக்கமின்றித் தடுமாறி ஊருக்கே தொல்லை விளைக்கிறாள். அவள் மறுத்தபோதும் ட்வைலைட் மீண்டும் மீண்டும் சென்று கேட்கிறாள். என் தங்கையும் உதவி கேட்காதவள்தான். ஆனால் நான் ஒருமுறைகூடச் சென்று கேட்கவில்லையே! ஒன்பதாம் பகுதியில், காட்டில் வாழும் வரிக்குதிரை செக்கோரா ஊருக்குள் வந்தால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவளிடம் பேசிய பிறகே அவள் தீங்கற்றவள் என்று தெரிகிறது. அதுவரை ஒருவரும் அவளிடம் பேசிப் பார்த்ததில்லை.

இறுதிப் பகுதி அப்பெருவிருந்து. பருவம் முழுவதும் கனவு கண்டு காத்திருந்த ஆறு பேருக்கும் அவ்விரவு ஒவ்வொரு வகையில் கெட்டுப்போகிறது. எல்லோரும் களைத்து ஒரு டோநட் கடையில் அமர்ந்து, நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அரசியும் அங்கே வந்து சேர்கிறாள். நல்ல நாள் வரட்டும், தங்கை முதலில் வரட்டும், பெரியவர்கள் கூட்டிவைக்கட்டும் என்று ஒன்பது ஆண்டுகள் நானும் ஒரு பெருவிருந்துக்காகவே காத்திருந்திருக்கிறேன்.

அன்றிரவு தங்கைக்கு எழுதினேன். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவளிடம் நான் பேசிய அந்தச் சொல்லை அப்படியே எழுதி, அது பொய் என்று எழுதினேன். அம்மாவின் இரவுகளை நீ பார்த்தாய். உன் இரவுகளை நான் பார்க்கவில்லை என்றும் எழுதினேன். என்னிடம் தீமூச்சு விடும் டிராகன் இல்லை. பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, பனியில் நடந்து, அஞ்சல்பெட்டியில் சேர்த்தேன்.

பிப்ரவரி இறுதியில் ஒருநாள் தொலைபேசி ஒலித்தது. ஊரில் நண்பகல் 12 மணி. டொரொண்டோவில் இரவு ஒன்றரை.

"அக்கா, அங்கே இப்போது ராத்திரியா? தூங்கவில்லையா?"

"இல்லை. விழித்துத்தான் இருக்கிறேன்."

வெகு நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மழையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசினோம்.

ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கூறமாட்டேன். முதற்பருவத்தில் அக்காளும் தங்கையும் இணைந்ததோடு கதை முடிந்தது போலத் தோன்றும். 2011-இல் வெளிவந்த இரண்டாம் பருவத்தில் லூனா ஊர்த் திருவிழாவுக்கு வருகிறாள். ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தில் அரசவைக் குரலில் முழங்குகிறாள். ஊரே அஞ்சி ஓடுகிறது. மெல்லப் பேசுவதற்கே அவள் கற்க வேண்டியிருக்கிறது. நாங்களும் அப்படித்தான் தடுமாறினோம். என் குரலில் ஆசிரியை வந்துவிடுவாள். அவள் குரலில் அந்தச் சாத்திய கதவு வந்துவிடும். ஊர் திரும்பியபின் பதிவு அலுவலகத்தில் என் பாதியை அவளுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தேன். அதைக் கொடை என்று அவள் எண்ணிவிடக் கூடாதே என்பதே அன்று என் கவலை. கொடையன்று, கடன்.

அத்தொடர் ஒன்பது பருவங்கள் கண்டு, 2019 அக்டோபர் 12 அன்று நிறைவெய்தியது. பேத்தி வளர்ந்துவிட்டாள், குறுந்தகடுகள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றனவோ. அவள் அன்று கேட்ட கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. உடன்பிறப்பு பிறப்பால் வந்துவிடுகிறது. நட்போ கேட்டுப் பெற வேண்டியது. வீட்டில் யாருடைய பகலை ஊர் புகழ்கிறதோ, அவர்தாம் முதலில் சென்று கேட்க வேண்டும். உங்கள் இல்லத்திலும் ஒருவரும் பாராத இரவொன்றை யாரேனும் காத்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு ஒருநாள் அவரோடு விழித்திருந்து பாருங்கள்.