பள்ளிக்கூட பஸ்ஸின் பேட்டரி: சில குறிப்புகள்

பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும் பழைய டீசல் பஸ். இரண்டு மாதத்தில் இரண்டாவது தடவையாகப் பேட்டரி படுத்துவிட்டது. "தம்பி, வேற பேட்டரி போட்டுடலாமா?" என்றார் ஓட்டுநர் அண்ணன். "வேண்டாம் அண்ணே, இது போட்டே எட்டு வாரம்தான் ஆச்சு. முதல்ல மீட்டர் பிடிச்சுப் பார்ப்போம்" என்றேன்.

பழைய டீசல் இன்ஜினில் சார்ஜ் கோளாறு ஒளிந்துகொள்ளும். ஸ்டார்ட்டர் சுற்றும்வரைதான் அதற்குக் கரண்ட் வேண்டும். பிறகு பம்பும் நாசிலும் பார்த்துக்கொள்ளும். கேபிளை இழுத்து அணைக்கிற இன்ஜின், பேட்டரி செத்தாலும் பகல் முழுக்க ஓடும். விடிகாலையில் சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும்.

விடிகாலை என்றால் கும்மிருட்டு. 1982 சனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே போனது. அதிலிருந்து சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழுகிறது. பஸ்ஸோ ஆறு மணிக்கு முன்பே லயத்து வாசலில் நிற்க வேண்டும். ஹெட்லைட், உள் விளக்கு, மழை பெய்தால் வைப்பர் என எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். வண்டியோ செம்பனைக்குள் செம்மண் பாதையில் ஊர்ந்து, லயத்துக்கு லயம் நின்று போகிறது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது கொஞ்சம்தான். பெருஞ்சாலையில் ஓடும் பஸ் தாங்கிக்கொள்ளும் சின்னக் குறைகூட தோட்டத்து பஸ்ஸைப் படுக்க வைத்துவிடும்.

24 வோல்ட் வண்டி. 12 வோல்ட் பேட்டரி இரண்டு, வரிசையில். நன்றாக நிரம்பி ஓய்ந்திருந்தால் 25.2க்கு மேல் காட்டும். இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கினால் 28 பக்கத்தில் வர வேண்டும். எங்களுக்கு ஆல்டர்னேட்டர் முனையில் 28.0, பேட்டரியில் 26.4. ஆக, ஆல்டர்னேட்டர் நல்லது. 1.6 வோல்ட் வழியில் தொலைகிறது.

வழியைப் பாதியாகப் பிரித்துத் தேடினேன். லைட்டெல்லாம் போட்டு, இன்ஜின் ஓட, மீட்டரின் ஒரு கம்பி ஆல்டர்னேட்டரின் பெரிய முனையில், மறு கம்பி பேட்டரி பிளஸ்ஸில்: 0.2. குற்றமில்லை. அடுத்து ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸ்: 1.4. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்குக் கரண்ட் திரும்ப எர்த் பட்டைதான் பாதை. கீழே படுத்துப் பார்த்தேன். பட்டையின் போல்ட் இருக்குமிடமே தெரியாமல் காய்ந்த செம்மண். சுரண்டினால் அடியில் துரு, அதற்குள் பச்சைப் பொடி. பட்டையில் பாதி இழை அறுந்திருந்தது. உலோகம் மின்னும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் பூசினேன். 1.4 இப்போது 0.1.

கோளாறு அதோடு முடியவில்லை. இன்ஜினை நிறுத்தி, லைட்டும் அணைத்து, பேட்டரிகளைத் தனித்தனியாக அளந்தால் ஒன்று 12.7, மற்றது 11.9. ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டுமென்று யாரோ கீழ்ப் பேட்டரியில் மட்டும் கம்பி எடுத்திருக்கிறார்கள். தோட்டத்து வண்டிகளில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கீழ்ப் பேட்டரி வற்றிக்கொண்டே போகும்; மேல் பேட்டரி முதலில் நிரம்பி, தண்ணீர் கொதித்துக் குறையும். புதுப் பேட்டரி எத்தனை போட்டாலும் இந்தக் கம்பி அதைத் தின்னும். கம்பியைப் பிடுங்கிவிட்டு, 24ஐ 12 ஆக்கும் சின்னப் பெட்டி வைத்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டு வேண்டுமே, அதை நிறுத்த மனமில்லை. பேட்டரி இரண்டையும் கழற்றித் தனித்தனியாகச் சார்ஜ் ஏற்றிய பிறகே திரும்ப மாட்டினேன்.

பெரிய போமன்மார் சிலர், வண்டி ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி "டைனமோ நல்லாயிருக்கா" என்று பார்ப்பார்கள். டைனமோ காலத்துப் பழக்கம். நாம் இன்னும் டைனமோ என்று சொன்னாலும் உள்ளே இருப்பது ஆல்டர்னேட்டர். ஓடும்போது கழற்றினால் வோல்ட் எகிறி டையோடு போய்விடும். நல்ல ஆல்டர்னேட்டரை நாமே கொல்ல வேண்டாம்.

இன்னொரு விஷயம். சில ஜப்பான் டீசல்களில் ஆல்டர்னேட்டர் முதுகிலேயே பிரேக்குக்கான வேக்குவம் பம்பும் ஒட்டியிருக்கும். பம்பு சீல் போனால் இன்ஜின் ஆயில் உள்ளே ஒழுகி கார்பனை நனைக்கும். சார்ஜ் மங்கும்போது பிரேக்கும் கல்லாக இறுகினால் முதலில் அங்கே பாருங்கள். அந்த நிலையில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. அண்ணனிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சார்ஜ் விளக்கும் கவனிக்க வேண்டியது. சாவி போட்டதும் அது எரியாவிட்டால் நிம்மதி அடையக் கூடாது. பல வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பும் கரண்ட் போகிறது. பல்பு போயிருந்தால் ஐடிலில் சார்ஜே இருக்காது.

இன்று காலை 5.50. லைட் போட்டு பேட்டரியில் அளந்தேன், 27.8. பெல்ட்டில் இரண்டு இடத்தில் கீறல் இருக்கிறது. சிரம்பான் போகும்போது ஒன்று வாங்கி, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் மாட்டி வைக்க வேண்டும்.