கவிழ்ந்தாலும் காக்கும் கூண்டு

கூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுவது சிறைப்பட்ட கிளி. அடுத்து நினைவுக்கு வருவது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் ஏறி நிற்கும் கூண்டு. ஆனால், மனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தானே விரும்பிப் புகும் கூண்டும் ஒன்று உண்டு. சேற்றிலும் பாறையிலும் மேடு பள்ளங்களிலும் ஓடும் ஜீப்பில் எஃகுக் குழாய்களை வளைத்தும் இணைத்தும் அமைக்கும் அந்தச் சட்டத்திற்கு ‘ரோல் கேஜ்’ என்று பெயர். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்கக்கூடாது; அதற்காகவே அது இருக்கிறது. அத்தகைய கூண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் கட்டவும் சென்ற கோடை விடுமுறையில் எனக்கு வாய்ப்புக் கிட்டியது. வகுப்பறையில் படித்த இயற்பியல், பட்டறையில் நெருப்புப் பொறியாய்ப் பறந்ததைக் கண்டேன். அந்த அனுபவத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் பெரியம்மா மகன் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கினார். கரடுமுரடான நிலத்தில் வண்டியோட்டும் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால், நிறைமாதமாக இருந்த அண்ணி மட்டும், “கூண்டு போடாம வண்டிய வெளிய எடுக்கக் கூடாதுங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொள்ளாச்சிப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எங்கள் தாய்மாமாவிடம் வண்டி வந்து நின்றது. கணக்குப் பார்க்க நான், கட்டி முடிக்க மாமா, ஏறி ஓட்ட அண்ணன் என்று வேலை பிரிந்தது.

ஜீப் ஏன் கவிழ்கிறது? அந்தப் பழைய வகை ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையே ஏறத்தாழ 4 அடி. பாறைகளின் மேல் ஏறுவதற்காக வண்டியை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக்கோடு சக்கரங்களின் அடித்தளத்தை விட்டு வெளியே விழுந்தால் பொருள் கவிழும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சக்கர இடைவெளி 48 அங்குலம், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 24 அங்குலம் என்று கொண்டால், 45 பாகைச் சரிவில் வண்டி கவிழத் தொடங்கும். அதே மையம் 30 அங்குலத்துக்கு உயர்ந்தால், 39 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். ஓடும் வண்டிக்குக் குலுக்கலும் திருப்பமும் சேர்வதால் இந்த எல்லை இன்னும் குறையும்.

இந்த ஆபத்து விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. வயலில் உழும் டிராக்டரும் வரப்பில் ஏறிக் கவிழ்வதுண்டு. சுவீடன் நாடு 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் சட்டம் கட்டாயம் என்று விதித்தது. அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. அமெரிக்காவில் இத்தகைய விதி 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு எஃகுக் கால்கள் எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்!

முதற்கேள்வி, எந்தக் குழாய் என்பது. அலங்காரக் கடைகளில் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் மேல் அண்ணனுக்கு ஆசை. மாமா அதில் ஒரு துண்டைக் கையில் எடுத்து அதன் வாயைக் காட்டினார். சுவர் தகரம் போல் மெலிந்திருந்தது. “இது துணி காயப்போட ஆகும் மாப்ளே, உன் தலையக் காப்பாத்த ஆகாது” என்றார். பட்டறையில் கிடந்த தண்ணீர்க் குழாயையும் அவரே ஒதுக்கினார். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் எழும் வெண்புகை காய்ச்சலைக் கொடுக்கும்; அதோடு, அந்தக் குழாய் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்ததே தவிர, இடியைத் தாங்கப் பிறந்ததில்லை. அளவிலும் குழப்பம் உண்டு. கடையில் ‘ஒன்றரை இஞ்ச் பைப்’ என்று கேட்டால் கிடைப்பது 48.3 மி.மீ. வெளிவிட்டம் உள்ள குழாய். கூண்டுக்கு உரிய குழாயையோ வெளிவிட்டத்தையும் சுவர்த் தடிப்பையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

எஃப்.ஐ.ஏ. என்னும் பன்னாட்டு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள் இதற்குத் தெளிவான அளவுகளைத் தருகின்றன. குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத கரிம எஃகுக் குழாய் வேண்டும். அதன் இழுவலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் குறைந்த அளவு. மற்றக் குழாய்கள் 38 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும் இருந்தால் போதும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு இதைவிட வலியது. ஆனால், அதை ஒட்டும்போதும் ஆறவிடும்போதும் மிகுந்த பக்குவம் வேண்டும். “நமக்குத் தெரிஞ்ச இரும்புல செய்வோம். இது ஒடையறதுக்கு முன்னாடி வளைஞ்சு சொல்லும்” என்றார் மாமா. எனக்கும் அதுவே சரியெனப் பட்டது.

“குழாய் உள்ளே காலியாக இருக்கிறதே, கெட்டிக் கம்பி போடக்கூடாதா?” என்று அண்ணன் கேட்டார். இங்கேதான் என் பாடம் கை கொடுத்தது. 45 மி.மீ. குழாயில் உள்ள அதே எடை எஃகைக் கெட்டிக் கம்பியாக ஆக்கினால் அதன் விட்டம் 20.6 மி.மீ. மட்டுமே வரும். வளைவை எதிர்க்கும் விறைப்பைக் கணக்கிட்டால், குழாய் அந்தக் கம்பியைப் போல் ஏறத்தாழ 8.5 மடங்கு! மூங்கிலும் பறவையின் சிறகெலும்பும் உள்ளே வெறுமையாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் 50 மி.மீ. விட்டத்தில், 4 மி.மீ. தடிப்பில் போட்டுவிடலாமே என்றார் அண்ணன். எங்கள் வரைபடத்திற்கு மொத்தம் 17 மீட்டர் குழாய் வேண்டியிருந்தது. விதி சொன்ன அளவில் அதன் எடை ஏறத்தாழ 39 கிலோ. அண்ணன் கேட்ட அளவிலோ 77 கிலோ. அந்தக் கூடுதல் எடையில் பெரும்பகுதி தோளுக்கு மேலே அமரும். ஈர்ப்பு மையம் உயரும். கவிழாமல் இருக்க வேண்டிய வண்டியைக் கூண்டே கவிழ்த்துவிடும். காகிதத்தில் இரண்டு எண்களையும் எழுதிக் காட்டியதும் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்தது வடிவம். நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் சரியாது. எனவே முதன்மை வளையத்திற்குள் குறுக்கே ஒரு சாய்வுக் குழாய், பின்னோக்கி இறங்கும் இரண்டு தாங்கு குழாய்கள், பக்கவாட்டில் கதவு உயரத்தில் தடுப்புகள் என்று எங்கும் முக்கோணம் வரும்படி வரைந்தோம். பின் தாங்கிகள் செங்குத்திலிருந்து 30 பாகைக்குக் குறையாமல் சாய்ந்திருக்க வேண்டும். முதன்மை வளையம் இடையில் ஒட்டு இல்லாமல் ஒரே குழாயால் ஆகியிருக்க வேண்டும்.

அந்த வளைவுக்கு மாமாவின் பழைய வளைப்பான் உதவாது. அதில் வளைத்தால் குழாய் சப்பிப்போகும். கோவையில் உரிய இயந்திரம் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. அதாவது எங்களுக்கு 135 மி.மீ. வளைத்த இடத்தில் குறுகிய விட்டத்தை அகன்ற விட்டத்தால் வகுத்தால் 0.9-க்குக் குறையக் கூடாது. ஆய்வகத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பழகிய வெர்னியர் அளவியால் அளந்தேன். 44-க்கு 46, விகிதம் 0.95-க்கு மேல். அந்தக் கருவி என் கையில் இதுவரை இத்தனை கனமாக இருந்ததில்லை. ஏனெனில், இம்முறை விடை தவறினால் போவது மதிப்பெண் அன்று.

பிறகு நடந்தது மாமாவின் இராச்சியம். தூக்குக்குண்டும் மூலைமட்டமும் வைத்து வளையத்தை நிறுத்தினார். ஒரு குழாயின் முனையை மற்றொரு குழாயின் உடலோடு இடைவெளியின்றிப் பொருந்தும்படி மீன்வாய் போல் குடைந்தார். முதலில் ஆங்காங்கே புள்ளி வைத்துப் பிடித்து, எல்லா அளவும் சரிபார்த்த பின்னரே முழுச் சுற்றும் ஒட்டினார். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளும் என்பதால் இங்கொன்றும் அங்கொன்றுமாக மாறி மாறி ஒட்டினார். தொடங்குவதற்கு முன் வீண் துண்டுகள் இரண்டை ஒட்டி, சம்மட்டியால் அடித்துப் பிளந்து பார்த்தார். ஒட்டு அப்படியே நின்று, பக்கத்துக் குழாய் கிழிந்தது. “கண்ணு, உன் கணக்கு சரிதான். ஆனா வெல்டு உள்ள எறங்கலைன்னா உன் கணக்கு வெளியவே நின்னுக்கும்” என்றார். எந்தப் பேராசிரியரும் இதனினும் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

கூண்டின் கால்களைத் தகரத் தரையில் வெறுமனே நிறுத்தினால், கவிழும்போது அவை ஊசி போல் தரையைத் துளைத்துவிடும். ஆகவே முதன்மைக் கால்களின் கீழே 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடுகளை வைத்து, காலுக்கு மூன்றாக 8 மி.மீ. போல்ட்டுகளால் முறுக்கினோம். போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் இருக்க வேண்டும்; முதல் 8 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமையைக் குறிக்கும். தலைக்கு அருகில் வரும் குழாய்களுக்குக் கெட்டியான நுரைப்பஞ்சு உறை போட்டோம். இருக்கைவார் இல்லாத கூண்டு, உயிரைக் காப்பதற்கு மாறாக மண்டையை உடைக்கும் உலக்கையாகிவிடும். ஆகவே வாரும் தலைக்கவசமும் கூண்டோடு சேர்ந்த உறுப்புகளே.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே அண்ணன் அந்த ஜீப்பைப் பொதுச்சாலையில் ஓட்டுவதில்லை; லாரியில் ஏற்றியே திடலுக்குக் கொண்டு செல்கிறார்.

மூன்றாவது போட்டியில் அது நடந்தது. ஈரச் சரிவு ஒன்றில் மேல்பக்கச் சக்கரம் வேர் ஒன்றின் மீது ஏறியது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்து, பின் ஒரே உருளலில் தலைகீழாய்ப் போய் விழுந்தது. கயிற்றுக்கு அப்பால் நின்ற எனக்கு ஓடத் தோன்றவில்லை. குழாய்களின் எண்ணிக்கை மட்டும் மனத்தில் ஓடியது. சேற்றுக்குள்ளிருந்து முதலில் அருகில் அமர்ந்திருந்த வழிகாட்டி வந்தார். பிறகு அண்ணன் வந்தார். தோளில் வார் அழுந்திய கன்றல் தவிர வேறு காயம் இல்லை. கண்ணாடிச் சட்டம் மடங்கிக் கிடந்தது. கூண்டு நின்றது.

மாமா மறுநாளே வளையத்தை அளந்தார். ஒரு மூலையில் சிறிது வளைந்திருந்தது. நிமிர்த்திவிடலாமே என்றதற்குத் தலையசைத்து மறுத்தார். ஒருமுறை வளைந்த குழாய் தன் கடமையை முடித்துவிட்டது; அதை அறுத்தெடுத்துப் புதிது போட வேண்டும் என்பது அவர் முடிவு. கைக்குழந்தையோடு வந்த அண்ணி யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நுரை உறையைத் தொட்டுப் பார்த்து, “பக்கத்துல உக்கார்றவங்களுக்கும் இதே மாதிரி போட்டிருக்குதுங்களா மாமா?” என்று மட்டும் கேட்டார்.

நண்பர்களே, நாம் படிக்கும் சமன்பாடுகள் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. எங்கோ ஓர் உயிர் அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு பயணம் செய்கிறது. கருமை படிந்த கைகளோடு பட்டறையில் நிற்பவரிடம் ஒரு கல்வி இருக்கிறது; கரும்பலகைக்கு முன் அமர்ந்திருக்கும் நம்மிடமும் ஒரு கல்வி இருக்கிறது. இரண்டும் கைகோத்தால்தான் கட்டுகிற எதுவும் நிற்கும். விடுமுறையில் ஒருநாளாவது ஏதேனும் ஒரு பட்டறையின் வாசற்படியை மிதியுங்கள். வெர்னியர் அளவியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்!