பின்சக்கரம் சொல்லும் பாடம்

மகிழுந்துகளைப் பற்றிப் படிப்பது என் நெடுநாள் விருப்பம்.

1964இல் அமெரிக்காவில் அறிமுகமான ஃபோர்டு முஸ்டாங் விரைவுக்குப் பெயர் பெற்றது. ஆயினும், அதன் பின்சக்கரங்கள் இரண்டையும் விறைப்பான ஒரே அச்சு பிணைத்திருந்தது. பட்டைவில்கள் அதனைத் தாங்கின. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். கரடான வளைவில் பிடிப்புக் குறையும். 2015ஆம் ஆண்டு வடிவில்தான் எல்லா முஸ்டாங்குகளிலும் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. பழைய வண்டி வைத்திருப்போர் சிலரும் இயந்திரத்தைத் தொடாமல் அம்மாற்றத்தைச் செய்துகொள்கின்றனர்.

என் வகுப்பில், அக்காளின் மதிப்பெண்ணோடு நாளும் ஒப்பிடப்பட்ட சிறுமி ஒருத்தி வாய்விட்டு வாசிப்பதையே நிறுத்திவிட்டாள். தாயாருடன் பேசினேன், ஒப்பீடு நின்றது. கூடுதல் பயிற்சி எதுவும் தரவில்லை. இரண்டு மாதங்களில் மீண்டும் வாசித்தாள்.

பெற்றோரே, விசையைக் கூட்டுமுன் பிணைப்பைத் தளர்த்திப் பாருங்கள்.