பேய் வீட்டு ஜோசியர்கள்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்து ஆர்லாண்டோ நகரத்துக்குப் போய் வந்த பிறகு, அந்தப் பழமொழியைச் சற்றுத் திருத்த வேண்டுமென்று நமக்குத் தோன்றுகிறது. அங்கே இருண்ட இடமெல்லாம் மெய்யாகவே பேய்தான். அரளுவதற்காகவே ஜனங்கள் கையில் காசுடன் வரிசையில் காத்து நிற்கிறார்கள்!

இந்த அதிசயம் நடைபெறும் இடம் யூனிவர்ஸல் ஸ்டூடியோஸ் என்னும் கேளிக்கைப் பூங்கா. அது 1990-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மறு வருஷம் அக்டோபர் மாதத்தில், சில இரவுகளுக்கு மட்டும், ஒரே ஒரு பேய் வீட்டை வைத்துப் பரீட்சை பார்த்தார்கள். 1992-இல் அதற்கு 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். இந்தத் துறையில் இவர்கள் முதல்வர்கள் அல்லர். கலிபோர்னியாவில் உள்ள நாட்ஸ் பெர்ரி பண்ணையில் 1973-ஆம் ஆண்டிலேயே இத்தகைய விழா தொடங்கிவிட்டது. ஆயினும் ஆர்லாண்டோவின் விழா வளர்ந்த வேகம் பெரிது. 2018-ஆம் ஆண்டிலிருந்து வருஷத்துக்குப் பத்துப் பேய் வீடுகள் கட்டி, பல இரவுகள் நடத்துகிறார்கள். 2020-இல் மட்டும் கொள்ளை நோயின் காரணமாக விழா நின்றது.

பேய் வீடு என்றால் பாழடைந்த பங்களா என்று நேயர்கள் எண்ண வேண்டாம். படப்பிடிப்புக் கொட்டகைகளிலும், பின்புறத்தில் உள்ள பெரிய கூடாரங்களிலும் மரச் சட்டங்களை நிறுத்தி, பலகை அடித்து, வர்ணம் பூசி, வளைந்து வளைந்து செல்லும் ஓர் இருட்டுப் பாதையை அமைக்கிறார்கள். புகையும், கண்ணைக் கூசச் செய்யும் மின்னொளியும், அந்தந்தக் காட்சிக்குப் பொருத்தமான நாற்றமும்கூட உண்டு. திருப்பத்துக்குத் திருப்பம் கறுப்புத் துணியின் பின்னால் வேஷக்காரர் ஒருவர் பதுங்கியிருப்பார். திடீரென்று முகத்துக்கு நேரே பாய்வார். ஆனால் விரல் நுனியால்கூட நம்மைத் தொடமாட்டார். அது கண்டிப்பான விதி. பாதி வீடுகள் சினிமா, தொலைக்காட்சித் தொடர், வீடியோ விளையாட்டு ஆகியவற்றின் கதைகளைத் தழுவியவை. 2017-இல் 'தி ஷைனிங்', 2018-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்', 2023-இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்று வந்தன. மற்றவை கம்பெனியாரின் சொந்தக் கற்பனை.

ஆனால் நம் மனத்தைக் கவர்ந்தவை அந்தப் பேய்கள் அல்ல. பேய்களுக்கு ஜாதகம் கணிக்கும் மனிதர்கள்தாம்.

ஒரு வருஷத்து விழா முடிந்து பலகைகளைப் பிரிக்கும் முன்பே, அடுத்த வருஷம் என்னென்ன வீடுகள் வரும் என்ற ஆரூடம் தொடங்கிவிடுகிறது. கட்டிட அனுமதிக்காகச் சர்க்காரிடம் கொடுக்கும் காகிதங்களை ரசிகர்கள் படிக்கிறார்கள். உயரமான ராட்டின ரயிலில் ஏறி, அது உச்சிக்குப் போகும் ஒரு கணத்தில் பின்புறத்துக் கூடாரங்களை எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. எந்தச் சினிமா வெளிவரப் போகிறது, எந்தக் கதையின் உரிமை யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் கணக்குப் போடுகிறார்கள். பிறகு பூங்காவின் வரைபடத்தில் ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு சங்கேதப் பெயரை எழுதி, ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்கிறார்கள். யுத்தகாலத்துச் சேனாதிபதிகள்கூட இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

செப்டம்பர் மாதத்து இரவு ஒன்றில், வரிசையில் நமக்கு முன்னால் இப்படிப்பட்ட ஜோசியர் ஒருவர் நின்றார். தலை நரைத்தவர். பக்கத்தில் அவருடைய மகள். ஜனவரி மாதத்தில் இருவரும் தனித்தனியே பத்து வீடுகளின் பெயரை எழுதி உறையில் ஒட்டி வைப்பார்களாம். கம்பெனியார் கோடையில் முழுப் பட்டியலையும் அறிவித்த பிறகு உறையைப் பிரிப்பார்களாம். தோற்றவர் சாப்பாட்டுச் செலவை ஏற்க வேண்டும்.

"இந்த வருஷம் எத்தனை சரி, ஐயா?" என்று கேட்டோம்.

"எனக்கு நான்கு, இவளுக்கு ஐந்து" என்றார், பணப்பையைத் தட்டிக் காட்டி.

"பத்தும் சரியாக அமைந்துவிட்டால்?"

"அப்படி ஒரு வருஷம் வரவே கூடாது! எல்லாம் தெரிந்த பிறகு எதற்காகப் பயப்படுவது?"

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு தணிந்த குரலில், "இவள் வடக்கே ஒஹையோவில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு இவளுக்கு லீவு கிடைப்பதில்லை. ஆனால் இந்தப் பேய்களைப் பற்றி வாரம் தவறாமல் என்னோடு பேசுகிறாள், இதற்கு மட்டும் எப்படியோ லீவு கிடைத்துவிடுகிறது" என்றார். மகள் வேறு பக்கம் திரும்பிக் கொண்டாள்.

எழுபது நிமிஷம் நின்று, ஐந்து நிமிஷத்தில் வீட்டைக் கடந்து வெளியே வந்தோம். நாம் அலறவே இல்லை என்று எழுத எண்ணியிருந்தோம். இரண்டு சாட்சிகள் இருக்கிறபடியால் அதை விட்டுவிடுகிறோம்.

ஹாலோவீன் பண்டிகையின் வேர் அயர்லாந்து முதலிய கெல்டிக் நாடுகளில் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் வேளையில் இறந்தோரின் ஆவிகள் திரும்பி வரும் என்று அந்த ஜனங்கள் நம்பினார்கள். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போயிற்று. அந்நிய ஆட்சியில் தானியம் வெளியே கப்பலேறிக் கொண்டிருக்க, லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் அமெரிக்காவுக்கு ஓடினார்கள். நிலத்தை இழந்தவர்கள் பண்டிகையை இழக்கவில்லை. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், புதிய நாட்டில் பரங்கிக்காயைக் குடைந்தார்கள். கணப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆவிக் கதை பேசினார்கள். இன்று அந்த ஆவிகளுக்கு டிக்கெட்டு விற்கப்படுகிறது. ஏழைகள் கட்டிக் காத்த பண்டிகை வியாபாரச் சரக்காகி விட்டதே என்ற வருத்தம் நமக்கு இல்லாமல் இல்லை.

ஆனால் விற்கப்படுவது அந்த ஐந்து நிமிஷந்தான். அதற்கு முந்திய பத்து மாதத்துப் பேச்சை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. தகப்பனும் மகளும் அதைத் தாங்களாகவே உண்டாக்கிக் கொள்கிறார்கள். பழைய கணப்பு அங்கேதான் இன்னும் அணையாமல் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

இரவு இரண்டு மணிக்கு வாசலை நோக்கி நடந்தபோது அந்த இருவரையும் மறுபடி கண்டோம். "அடுத்த வருஷம் அந்தப் பெரிய கூடாரத்தில் நிச்சயமாக ஒரு கப்பல் வரும், அப்பா" என்று மகள் சொல்லிக் கொண்டிருந்தாள். "கப்பலா! உனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் நடையைச் சற்றுத் தளர்த்தி, அந்த வாதம் முழுவதையும் கேட்டுக் கொண்டே போனோம்.