பொய் தீர்ந்த பிறகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'சூட்ஸ்' தொடரின் கடைசி எபிசோடை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 2019இல் வந்தது. முதல் சீசனை வேளச்சேரி ரூமில் நண்பனின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பார்த்தபோது ஒரே ராத்திரியில் நாலு எபிசோடு போனது. கடைசி சீசனின் பத்து எபிசோடுகளுக்கு ஆறு வாரம் ஆனது. நடுவில் எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். பாஸ் பண்ணக்கூட இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கதை. மைக் ராஸ் ஒருமுறை படித்தால் மறக்காதவன். கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டு, மற்றவர்களுக்காகச் சட்ட நுழைவுத் தேர்வு எழுதிப் பிழைக்கிறான். கஞ்சாப் பெட்டியோடு போலீஸுக்குப் பயந்து ஓடும்போது, ஹார்வி ஸ்பெக்டர் என்ற பெரிய வக்கீல் நடத்தும் இன்டர்வியூவுக்குள் நுழைந்துவிடுகிறான். பெட்டி திறந்து சரக்கு தரையில் கொட்டுகிறது. ஹார்வார்டில் படித்தவர்களை மட்டுமே எடுக்கும் அந்த நிறுவனத்தில், சட்டக் கல்லூரி வாசலையே மிதிக்காத அவனுக்கு ஹார்வி வேலை கொடுக்கிறான்.

ரூமில் மற்ற ரெண்டு பேரும் ஹார்வியின் கோட்டையும் பேச்சையும் ரசித்தார்கள். நான் மைக்கை மட்டும்தான் பார்த்தேன். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை.

இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருஷம் வேலையில்லை. ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டி ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கினேன். சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் செட்டாகக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் முதல் வேலை. கோடிங் எனக்கு வரும், அது பொய்யில்லை. அந்த ரெண்டு வருஷம்தான் பொய். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் முடியும்வரை, எச்ஆரிடமிருந்து எந்த மெயில் வந்தாலும் வயிற்றைக் கலக்கும். ஹார்வார்ட் பற்றி யாராவது சாதாரணமாகக் கேட்டாலே மைக்கின் முகம் ஒரு நொடி உறையும். அந்த ஒரு நொடியை எனக்குத் தெரியும்.

தொடர் ஓடியதே அந்த நொடியில்தான். ஹார்வி, டோனா, ஜெசிகா, ரேச்சல், லூயிஸ் என்று ரகசியம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடக்கூட, மாட்டப்போகிறவர்களும் கூடினார்கள். வழக்குகள் எல்லாம் சும்மா, சாக்கு. ஐந்தாம் சீசன் முடிவில் மைக் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரெண்டு வருஷத் தண்டனையில் கொஞ்ச காலத்திலேயே வெளியே வந்து, ஆறாம் சீசன் முடிவில் முறையாக வக்கீலும் ஆகிவிடுகிறான்.

அப்புறம் என்ன இருக்கிறது? சுவரில் நிறுவனத்தின் பெயர் மாறும். யார் பங்குதாரர், யார் பெயர் முதலில் என்று சண்டை. ஒருவர் ஃபோல்டரை மேசையில் வீசுவார், இன்னொருவர் மிரட்டுவார், கையெழுத்து ஆகிவிடும். ஜெசிகா ஆறாம் சீசனிலேயே போய்விட்டாள். ஏழாம் சீசனோடு மைக்கும் ரேச்சலும் கிளம்பினார்கள். ரேச்சலாக நடித்த மேகன் மார்க்கல் 2018இல் இங்கிலாந்து அரச குடும்பத்துக்குள் போய்விட்டார். எல்லோரும் அவர்கள் போனதைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்கள் போவதற்கு முன்பே பயம் போய்விட்டது.

என் பயமும் அப்படித்தான் போனது. ஒருநாள் மாட்டவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ரெண்டு கம்பெனி மாறியதும் பழைய வேலையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள். ரெஸ்யூமே ஒரே பக்கமாகச் சுருங்கியபோது அந்த வரி தானாக விழுந்தது. இப்போது நான் இன்டர்வியூ எடுக்கிற இடத்தில் இருக்கிறேன்.

கடைசி சீசனை இழுத்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் ஒரு பையனை இன்டர்வியூ பண்ணினேன். கொடுத்த ப்ரோக்ராமை அழகாக எழுதினான். நான் அந்த வயதில் அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன். பிறகு ரெஸ்யூமேயில் இருந்த ரெண்டு வருஷ ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டேன். "லைவ் போன அன்னைக்கு என்ன பிரச்சினை வந்துச்சு?" வேலை பார்த்தவன் எவனுக்கும் அந்த நாள் மறக்காது. அவன் முகம் ஒரு நொடி உறைந்தது. பிறகு சிரித்து, "எல்லாம் ஸ்மூத்தா போச்சு சார்" என்றான்.

கால் முடிந்ததும் 'ரிஜெக்ட்' என்று போட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'அனுபவம் போதாது' என்று எழுதினேன். வேறு எதை எழுதினாலும் அவன் பெயர் எங்கெங்கோ போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சூட்ஸ் முடித்த ராத்திரி முதல் எபிசோடை மறுபடி போட்டேன். பெட்டி திறந்து தரையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஹார்வி போலீஸைக் கூப்பிடாமல் அவனை உட்காரவைத்துப் பேசுகிறான். பிடித்துப்போய் வேலை கொடுக்கிறான். மாட்டினால் தன் வேலையும் போகும் என்று தெரிந்தே கொடுக்கிறான். அந்தக் காட்சி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் அதை முழுசாகப் பார்க்க முடியாமல் லேப்டாப்பை மூடினேன்.