சுருதி கலைந்த கித்தார்

தறியோசையில் பொழுது விடிந்து, தறியோசையிலேயே பொழுது சாயும் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய அவ்வூரில் நம் தங்கையின் இல்லம் உள்ளது. மைத்துனர் நெசவாளி. அவர்தம் மூத்த மகன் தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய மின்கித்தார் ஒன்றை வாங்கி, ஆலயப் பாடற்குழுவில் வாசித்து வந்தான்.

சென்ற கிறிஸ்து பிறப்பு இரவில் நாமும் அங்கிருந்தோம். வருகைப் பாடல் முடிகையில், கித்தாரின் அடியிலுள்ள கைப்பிடியை அவன் அழுத்தி எடுத்தான். சுரம் அழகாகத் தாழ்ந்து எழுந்தது. ஆனால் தந்திகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அடுத்த பாடல் முழுவதும் அபசுரம். சிறுவர் சிரித்தனர், பெரியோர் முகம் சுளித்தனர்.

மறுநாள் அவன் நம்மைத் தனியே அழைத்து, "மாமா, இருபுறமும் பூட்டு வைத்த ஃபிளாய்ட் ரோஸ் பொருத்திவிட்டால் இத்தொல்லை இராது. அப்பாவிடம் சீட்டுப்பணம் இருக்கிறது, நீங்கள் சொன்னால் கொடுப்பார்" என்றான். நமக்குத் திக்கென்றது. அது அவன் தங்கையின் கல்லூரிப் படிப்புக்கென்று எடுத்து வைத்த பணம்.

நாமும் இளமையில் சிலகாலம் கித்தார் வாசித்ததுண்டு. எனவே அவனை அருகில் அமர்த்திச் சொன்னோம்: சுரத்தை அசைக்கும் இவ்வமைப்புகளில் மூவகை பெயர் பெற்றவை. 1950ஐ ஒட்டி அமெரிக்கரான பால் பிக்ஸ்பி அமைத்ததில் தந்திகள் ஓர் உருளையில் மாட்டியிருக்கும். மென்மையான அசைவுக்கே அது ஏற்றது. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டரில் பிரிட்ஜே அசையும். ஆறு தந்திகளின் சுமார் 45 கிலோ இழுவிசைக்குப் பின்புறச் சுருள்வில்கள் ஈடுகொடுக்கும். அதற்கு 'ட்ரெமலோ' என்று பெயரிட்டனர். ஒலியளவு ஏறியிறங்குவதே ட்ரெமலோ; சுரம் ஏறியிறங்குவது வைப்ரேட்டோ. ஆயினும் பிழையான பெயரே நிலைத்துவிட்டது. 1970களின் இறுதியில் வந்த ஃபிளாய்ட் ரோஸ், தந்தியை இரு முனையிலும் பூட்டிவிடும். சுருதி நிற்கும் என்பது மெய்யே. ஆனால் மரத்தைக் குடைய நேரும். மிதக்கவிட்ட பிரிட்ஜில் ஒரு தந்தி அறுந்தால் மற்றவை ஏறிவிடும். புதுத்தந்தி பூட்டவும் நேரமாகும். திருப்பலி நடுவே அது ஆகுமா?

அவன் கித்தார் இரண்டாம் வகை. பையன் மனம் ஒப்பவில்லை, தலைகுனிந்து நின்றான்.

அதுவரை திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த மைத்துனர் எழுந்து வந்தார். "மச்சான், பாவு இழை எங்கோ சிக்கினால் தறியையா மாற்றுகிறோம்? சிக்கிய இடத்தையல்லவா தேடுகிறோம்?" என்றவர், மகனைக் கைப்பிடியை மெல்ல அழுத்தச் சொல்லிக் காதைக் கழுத்தருகே வைத்தார். தந்திகள் படியும் நட்டின் பள்ளத்தில் 'டிக்' என்றொரு சிற்றொலி! மூன்றாம் தந்தி அங்கே சிக்கிச் சிக்கி நகர்ந்தது.

பிறகென்ன? தந்திகளைக் கழற்றிப் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தோம். முறுக்காணியில் ஏழெட்டுச் சுற்றாகக் கிடந்த கம்பியை நீக்கி, புதுத்தந்திகளை இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்தினோம். அவை நீண்டு அடங்கும்வரை இழுத்து இழுத்துச் சுருதி கூட்டினோம். பின்புறச் சுருள்வில்களை இறுக்கிப் பிரிட்ஜை உடலோடு படியவைத்தோம். இனிச் சுரத்தைத் தாழ்த்தலாமேயன்றி உயர்த்த இயலாது; ஆனால் ஒரு தந்தி அறுந்தாலும் மற்றவை நிலைகுலையா. செலவு ஒரு செட் தந்தியின் விலையே!

மூவரசர் திருவிழாவன்று அவன் மீண்டும் வாசித்தான். ஒரே முறைதான் கைப்பிடியைத் தொட்டான், தந்திகள் திரும்பின. ஒன்று மட்டும் இம்மியளவு விலக, அதைப் பாடல் முடிந்தபின் திருத்திக்கொண்டான். பின்வரிசையில் நின்ற தந்தையை அவன் நிமிர்ந்து பார்த்ததை நாம் கண்டோம். அதற்குமுன் அவர் அவன் வாசிப்பைக் கேட்க முன்வந்ததேயில்லை.

ஜூன் மாதம் நம் மருமகள் கல்லூரியில் சேர்ந்தாள். அன்பர்களே, நம் இல்லங்களில் சுருதி கலையும்போது புதியதொன்றை வாங்க ஓடுகிறோம். சிக்கிய இடத்தில் காதை வைத்துக் கேட்க ஒருவர் இருந்தால், பல வேளைகளில் அதுவே போதும்.