தூரிகையும் கடனும்

கோலா சிலாங்கூர்த் தோட்டமொன்றில் கிராணியாகிய நாம் பிறர் சம்பளத்தைக் கணக்கிட்டே பழகியவர்கள். இவ்வாண்டு தமக்கை மகளுக்காகக் கணக்கிட்டோம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயில அவள் விழைகின்றாள்.

1997இல் நிறுவப்பெற்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் தருவது கடன், தானமன்று. 24,000 வெள்ளி பெற்றுப் பத்தாண்டில் அடைப்பதாயின் மாதம் 200 வெள்ளி; ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று கட்டணம் வேறு. 2025இல் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி.

ஓவியம் விற்குமென நம்பிக் கடன்படலாகாது. அந்த 1,700 வெள்ளியிலிருந்தும் அடைக்கக்கூடிய அளவே வாங்குதல் அறிவுடைமை. பெற்றோர் வீட்டில் உணவு உண்டாயின் இக்கடன் அவ்வளவிற்குள் அடங்கும்.

கலியாணப் பந்தலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன்படும் நம்மவர், பெண் தூரிகை ஏந்தினால் மட்டும் வட்டி பேசுவது எவ்வகை நியாயம்? அவள் சென்று பயிலட்டும் என்றே தமக்கைக்குச் சொன்னோம்.